சங்கொலிக்குக் காத்து நின்ற பன்னிரண்டு ஓடங்கள்

கடல் வாழ்க. கழி வாழ்க. கரையில் வாழ்வோர் நெடிது வாழ்க.

வெண்கழி நாட்டு வேந்தர், நாற்பது துறைக்கும் காவலர், திருமாறவேலர், தாழைக்குடிப் பரதவர் தலைவர் கோவனாருக்கு விடுக்கும் ஓலை. உம் குடியும் வலையும் நலமாகுக. வேந்தரின் நலம் கேட்க வேண்டா.

அரசி அல்லியங்கோதை கழியில் மாண்ட பிழைக்குத் தண்டமாகப் பன்னிரண்டு ஓடங்களையும் எரிக்கவும், உம் தலையைத் தரவும் சித்தமாய்க் கோட்டை வாயிலில் நிற்பதாக நீர் சொல்லியனுப்பியது வேந்தரை எட்டியது. அன்று நடந்ததை அவரே சொல்ல இவ்வோலை எழுதப்படுகிறது.

அன்று உச்சிப்பொழுதில் காற்று ஒரு நிலையில் இல்லை. வாடை வீசிற்று, ஓய்ந்தது, கொண்டலாய்த் திரும்பிற்று. முகத்துவாரத்தின் மேல் மேகம் கறுக்கிறது, இன்று கழியுலா வேண்டா என்று அரசியின் படகோட்டி பணிந்து சொன்னான். மழைக்கு அஞ்சி அரண்மனைப் படகு கரையில் கிடப்பதா என்று நகைத்தவர் வேந்தர். அரசிக்கும் போக மனமில்லை. ஆயினும் கணவர் நகைத்தபின் மறுக்கவில்லை. நனைந்துதான் வருவேன், வெந்நீர் வைக்கச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிப் படகேறினார். அந்த வெந்நீர் ஆறிப்போயிற்று.

சங்கு ஊதி அழைத்தாலன்றி அரசப் படகுக்கு முந்நூறு முழத்துள் பிற ஓடம் வரலாகாது என்பது வேந்தர் பட்டமேறிய ஆண்டில் இட்ட ஆணை. முதல் சுழற்காற்றிலேயே பாய்மரம் முறிந்து சங்கூதுவான் நீரில் வீழ்ந்தான். சங்கும் அவனோடு போயிற்று. உம் ஓடங்கள் துடுப்பேந்தி முந்நூறு முழத்தில் வரிசையாக நின்றன. அரசி கை அசைத்ததைக் கண்டோம், சங்கொலிதான் கேட்கவில்லை என்று அழுதீராம். அதைக் கேட்டது முதல் வேந்தருக்கு உறக்கமில்லை.

வெள்ளம் தலைக்குமேல் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று அமைச்சர்கள் தேற்றுகிறார்கள். முழம் வகுத்தவரே வேந்தர்; அவருக்கு அந்த ஆறுதல் ஒட்டவில்லை.

கோவனாரே, நீர் ஆணைக்குப் பணிந்தீர். வேந்தரோ காற்றுக்கும் பணியவில்லை, மனைவியின் முகத்தையும் பார்க்கவில்லை. பிழை அவருடையது. அதை ஊரறிய ஒப்புகிறார்.

ஆதலின் ஆணையாவது: ஓடம் ஒன்றையும் எரிக்கலாகாது. முந்நூறு முழ விலக்கு இன்றோடு ஒழிந்தது. இனிக் கழியில் கை அசைப்பவர் அரசராயினும் உப்பு விற்பவராயினும், கண்டவர் உடனே செல்க. நான்கு நாளாகியும் அரசியின் உடல் கிடைக்கவில்லை. நாளை விடியலில் பன்னிரண்டு ஓடங்களும் தேடப் புறப்படுக. உம் ஓடத்தில் வேந்தர் துடுப்பு வலிப்பார். எவரும் அவரை விட்டு விலகி நிற்க வேண்டா.

ஓலைநாயகம் இளங்கீரன் எழுத, வேந்தர் தம் கையாலேயே மீன் இலச்சினை இட்டது. அரச ஓலைக்கு முன்செல்லும் சங்கு இதற்கு முழங்காது.