மூன்று எண்ணியும் எழாத கை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கை கால் முழுசாக, பல் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் போட்டி என்ற வார்த்தையைப் பார்த்ததுமே நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். தாவாதே, வரிசையாகப் படி.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் கொஞ்சம் நீளமாகப் பேசினால் நீ ‘ம்’, ‘ம்’ என்கிறாய். பாதி உனக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை என்று சொல்லவும் மாட்டாய், அழுத்தக்காரன். வீடியோவில் வந்தாலோ, நீ தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கும்போது சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன். அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி. படகு ஓட்டும்போது மட்டும் வலிக்காதாம், துணி காயப்போடச் சொன்னால் உயிர் போகிறதாம். குளியலறைச் சுவரில் ஈரம் அப்படியேதான் இருக்கிறது. மேல்வீட்டுக்காரர் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று ஆறு மாதமாகச் சொல்கிறார். உன் மருமகள் பாப்பா உன்னைவிட இரண்டு விரல் உயரம் ஆகிவிட்டாள். அவளுக்குப் பதினேழு வயது. வாய்க்கு மட்டும் முப்பது.

இப்போது போட்டிக்கு வருகிறேன். நீ போன பிறகு நம் கிளப்பில் விதிகள் மாறியிருக்கின்றன. நாலு பேர், ஒரு படகு, ஒரு கயிறு, காலில் பலகை கிடையாது, படகு கயிற்றில் இழுக்க வெறுங்காலால் தண்ணீர்மேல் ஓட வேண்டியதுதான். அதெல்லாம் அப்படியே. ஒருவர் மிதவைக் கோட்டைத் தாண்டிக் கயிற்றின் கைப்பிடியை விட்டதும், தண்ணீரில் காத்திருக்கும் அடுத்தவர் அதைப் பிடித்து எழ வேண்டும், அதுவும் அப்படியே. மாறியது படகுக்குள்தான். முன்பெல்லாம் ஓட்டுபவரைத் தவிர, பின்பக்கம் பார்த்து உட்காரும் கவனிப்பாளர் ஒருவர்தானே? விழுந்தவரையும் அவரே பார்க்க வேண்டும், அடுத்து ஏறுபவரையும் அவரே பார்க்க வேண்டும். இப்போது ரிலேவுக்கு இரண்டு பேர். ஒருவர் அடுத்து ஏறுபவரைப் பார்க்கலாம். மற்றவர் விழுந்தவரை மட்டும்தான் பார்க்க வேண்டும்; பக்கத்தில் இடியே விழுந்தாலும் கண்ணை எடுக்கக் கூடாது. விழுந்தவர் ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று தலைக்கு மேல் கையைத் தூக்க வேண்டும். கவனிப்பாளர் வாய்விட்டு மூன்று எண்ணுவார். அதற்குள் கை தெரியாவிட்டால் சிவப்புக் கொடி. கொடி ஏறிவிட்டால் ஏரியில் ஓடுகிற படகெல்லாம் நிற்க வேண்டும், அந்த அணிக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. ஓட்டுபவர் கெஞ்சினாலும் தலைவர் கத்தினாலும் அதை இறக்க முடியாது.

இதையெல்லாம் எழுதியது யார் என்று நினைக்கிறாய்? உன் அக்காதான். நம் கிளப் தலைவர் விசிலாரைத்தான் உனக்குத் தெரியுமே, கல்யாண வீட்டுக்குக்கூடக் கழுத்தில் விசிலோடு போகிற மனுஷர். அவர் ஒரு நோட்டை என் கையில் கொடுத்து, “நீயே எழுதும்மா, உனக்குத்தான் தெரியும்” என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. எட்டுப் பக்கம் எழுதினேன். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது, இரண்டு ஆள் ஆழம் இல்லாத இடத்தில் ஓட்டக் கூடாது, கட்டை குப்பை மிதக்கிறதா என்று காலையில் ஒரு படகு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும், இரண்டு காதிலும் அடைப்பான் இல்லாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்தக் கடைசி விதிக்கு மட்டும் முக்கால் பக்கம் போயிற்று.

எழுதினேனே தவிர, கவனிப்பாளர் இருக்கையில் நான் திரும்ப உட்காரவில்லை. நீ அன்றைக்குக் கோட்டைத் தாண்டின வேகத்தில் விழுந்தாய். நான் “கை தூக்கிட்டான், போங்க” என்று அத்தானிடம் சொன்னேன். நீ தூக்கவில்லை. முகம் கவிழ்ந்து கிடந்த உன்னை மீட்புப் படகுக்காரர் பார்த்திராவிட்டால், இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஆளே இருந்திருக்காது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் கரையில் நின்று துண்டு மடித்துக் கொடுக்கிற வேலைதான் எனக்கு. சூடு கண்ட பூனை.

இந்த வருஷம் பாப்பாவை அணியில் மூன்றாவதாகப் போட்டார்கள். அவள் நேரே சமையலறைக்கு வந்து, “படகுல நீ உக்காந்தாத்தான் நான் ஓடுவேன். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு” என்றாள். நான் எவ்வளவோ மழுப்பினேன். அவள் கேட்கவில்லை; பிடிவாதத்தில் தாய்மாமனைக் கொண்டிருக்கிறாள். கடைசியில் சரி என்றேன். ஆனால் எனக்குள் ஒரு முடிவு செய்துகொண்டு, அதை அத்தானிடம் மட்டும் சொன்னேன். தூக்க வேண்டிய நேரத்தில் என் கை கொடியைத் தூக்காவிட்டால், நான் இனிமேல் படகு ஏற மாட்டேன், பாப்பாவையும் தண்ணீரில் விட மாட்டேன் என்றேன். அவர் வழக்கம் போல, “விழுந்தாத்தானே கொடி? அவ விழ மாட்டா” என்றார்.

விழுந்தாள். கேள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. காற்று கொஞ்சம், தண்ணீர் நல்ல தட்டை. எனக்குப் பக்கத்தில் இன்னொரு கவனிப்பாளராக நம் தையல்காரம்மா, ரப்பர் உடைக்கெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுப்பவர். முதல் இரண்டு பேரும் சுத்தமாக முடித்தார்கள். பாப்பா ஏறும்போதே நாம் முப்பது மீட்டர் முன்னால். குதிகாலை ஊன்றி, முழங்காலை மடக்கி, பார்க்கவே அழகாக வந்தாள். கோட்டைத் தாண்டிவிட்டாள். கைப்பிடியை விடப் போகிற நேரம், எதிர்ப் படகு கிளப்பின அலை ஒன்று குறுக்கே வந்து கால்விரலைப் பிடித்து இழுத்தது. அந்த வேகத்தில் தண்ணீர் சிமெண்டுத் தரை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டாம். இரண்டு சுற்று உருண்டாள்.

“அடுத்தவ தயார், போலாம்” என்றார் தையல்காரம்மா. அவர் வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. தலை வெளியே வந்தது. இரண்டு. அசைகிறாள், ஆனால் கை இல்லை. அத்தான் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அசையறாடி, நல்லாத்தான் இருக்கா, போலாமா” என்று கத்துகிறார். எனக்கும் தெரிகிறது, அசைகிறாள். என் மகள், நாம் முன்னால் இருக்கிறோம், கோப்பை கண்ணெதிரே. மூன்று. கை இல்லை.

கொடி மேலே போய்விட்டது, தம்பி. நான் தூக்கினேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பார்த்தபோது அது என் தலைக்கு மேலே இருந்தது, என் கைதான் அதைப் பிடித்திருந்தது.

விசில் கிழிகிறது. எல்லாப் படகும் நின்றுவிட்டது. நாங்கள் வட்டம் போட்டு, எஞ்சினை அணைத்து, மெல்ல அவள் பக்கம் போனால், பாப்பா இரண்டு கையாலும் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருக்கிறாள். என்னடி, எங்கே அடி என்று நான் அலறுகிறேன். அவள் நிமிர்ந்து, “அடைப்பான் ஒண்ணு விழுந்துடுச்சும்மா, நீதானே அதைத் தொலைச்சுட்டு வீட்டுப் பக்கம் வராதேன்னு சொன்னே” என்றாள். அப்புறம்தான் கொடியைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை எப்படி எழுதுவது! என் ஒரு விதியைக் காப்பாற்றப் போய் என் இன்னொரு விதியில் மாட்டிக்கொண்டாள். நான் படகின் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. அத்தான் பயந்துபோய் என் முகத்தில் ஏரித் தண்ணீரைத் தெளித்தார்.

கோப்பை போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். கரையில் யாரும் அப்படி நினைக்கவில்லை. நாலாவது ஆளாகத் தண்ணீரில் காத்திருந்த பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் அப்பா, காது கேட்கிற தூரத்தில், “பெத்தவளைப் படகுல ஏத்தினா இப்படித்தான்” என்றார். விசிலார் மட்டும் நோட்டைப் பிரித்து, பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “மூணு எண்ணினாங்க, கை வரல. கொடி சரி” என்றார். அதோடு விவகாரம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் பாப்பாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். இரண்டு காதும் சுத்தம். இரண்டும், தம்பி. டாக்டரம்மா சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். இப்போது விதியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எது தொலைந்தாலும் முதலில் கையைத் தூக்கு, பிறகு தேடு.

இரண்டு நாள் பாப்பா என்னோடு பேசவில்லை. தட்டைக் கழுவி டங்கென்று வைப்பாள், அதுதான் பேச்சு. மூன்றாம் நாள் மாலை நான் மாடியில் ரப்பர் உடையை அலசிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, “இந்தத் தடவை நீ அடுத்த ஆளைத் திரும்பியே பாக்கலம்மா. நான் பாத்தேன், என்னையே பாத்துட்டு இருந்தே” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “அன்னிக்கு அடுத்த ஆளு நான்தானே” என்றாள்.

இதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் உன்னை இதுவரை கூட்டிவரத்தான்.

நீ விழுந்ததற்கு நடந்த விசாரணையில் நான் வெயில் கண்ணில் அடித்தது என்று எழுதிக் கொடுத்தேன். நீ காதில் கட்டோடு வந்து, ஆமாம், வெயில்தான் என்று கீழே கையெழுத்துப் போட்டாய். தம்பி, வெயில் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உனக்கும் அது தெரியும், ஓடினவன் நீதானே. பாப்பாவுக்கு அது முதல் போட்டி. தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டு, உதடு நடுங்க என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். நீ எத்தனையோ தடவை விழுந்து எழுந்தவன், எப்போதும் கை தூக்குகிறவன், இப்போதும் தூக்கியிருப்பாய் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். நான் தூக்கி வளர்த்த பிள்ளை நீ. உன்னைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் என் பிள்ளையைப் பார்த்தேன். குழந்தையும் இரண்டு வருஷமாக இதைத் தன் தப்பு போலச் சுமந்திருக்கிறாள், என்னை அந்த இருக்கையில் திரும்ப உட்கார வைத்துப் பார்க்கத்தான் அத்தனை பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அவளிடம் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள்.

எனக்கும் மனசு லேசாகிவிட்டது, ஆனால் முழுசாக இல்லை. நீ கோபித்துக்கொண்டதே இல்லை. வேலை கிடைத்தது என்று சிரித்துக்கொண்டே போனாய். மன்னித்துவிட்டேன் என்று பதில் எழுதிவிடாதே, அது உனக்குச் சுலபம். லீவு போட்டு வா. வந்து, எதிரே உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி என்னை ஒரு முறை திட்டு. நீ சொல்லி முடிக்கும் வரை நான் கண்ணை எடுக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணே.

உன்
அக்கா