கரும்புக்குள் மூன்று குட்டிகள்

தை மாதம், வெள்ளிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

திண்டிவனத்தில் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு, விழுப்புரத்தில் வனவிலங்கு மீட்புக் குழுவில் சேர்ந்த முதல் வாரம் இது. இன்றுதான் என்னைத் தனியாக அனுப்பினார்கள். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகள் கிடைத்ததாக போன் வந்திருந்தது.

போய்ப் பார்த்தால் காட்டுப்பூனைக் குட்டிகள், மூன்று. கண்கூட இன்னும் திறக்கவில்லை. ஊரே சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"தூக்கிக்கினு போயிடும்மா," என்றார் நிலத்துக்காரர் ஏழுமலை.

"வேணாங்க. தாய் இங்கதான் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். எல்லாரும் தள்ளிப் போயிட்டா வந்து எடுத்துக்கும்."

"வரலைன்னா?"

எனக்கும் அதே பயம்தான். "வருங்க," என்றேன்.

ஏழுமலை முணுமுணுத்துக்கொண்டே வெட்டுவதை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார். இருவரும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்றோம். பொழுது சாயும் நேரத்தில் தாய் வந்தது. ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தில் கவ்வி, வெட்டாமல் நின்ற கரும்புக்குள் கொண்டுபோனது. ஏழுமலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நாளைக்கு அந்தக் கரும்பையும் வெட்டுவார்களே! அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் அதே யோசனையாகத் திரும்பினேன்.

இப்போதுதான் அவரே போன் செய்தார். "அந்த மூலைய கடைசியா வெட்டிக்கிறேன்மா, மூணு வாரம் ஆவும். அதுக்குள்ள குட்டிங்க நடந்துடுமில்ல?"

"நடந்துடுங்க!"

அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்க வேண்டாம். அம்மா எழுந்து வந்து, யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்கிறாள்.