பாலாடைக்கட்டி மட்டும் இறங்கும் வழி

அன்புள்ள வால்பூர்கா,

நீயும் மகள் லோனியும் நலந்தானே? இங்கே மேய்ச்சல் மலையில் மாடுகளும் நானும் கொழுத்துவிட்டோம்.

லோனியின் பிறந்தநாளுக்கு மலையேறி வரத் திட்டம் போட்டிருக்கிறீர்களே, வேண்டாம். மழையில் பாதை கொஞ்சம் சரிந்துவிட்டது. பயப்படாதே, அப்போது நான் அதன்மேல் இல்லை. சரிசெய்யும்வரை யாரும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பாலாடைக்கட்டியைக் கீழே இறக்க, கம்பியில் தொங்கிப் போகும் சரக்குப் பெட்டி மட்டும் ஓடுகிறது. இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. ஆள் ஏறத் தடை.

"நீ பாலாடைக்கட்டியாப் பொறந்திருந்தா இந்நேரம் வீட்டுல இருப்படா!" என்கிறான் கூட்டாளி விகில். எனக்கு அதன் வாசனை வந்துவிட்டது, தகுதிதான் வரவில்லை.

கம்பளிக் காலுறையும் லோனி வரைந்த படமும் அனுப்பு. விகில் கத்துகிறான், பெட்டி கிளம்புகிறதாம். லோனி அதில் ஏறப் பார்ப்பாள், பிடித்துக்கொள். வந்துவிட்டால் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது.

உன் கொர்பீனியன்