கோட்டில் கருகிய இடம்

என்னங்க,

உங்கள் தங்கை பிழைத்துக்கொண்டாள். தோள்பட்டை நொறுங்கிவிட்டது, மண்டையில் தையல். எதற்காக எங்கள் கிளினிக்குக்கு வந்தாள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கருக்கலைப்பைத் தடைசெய்யச் சொல்லி நீங்களும் உங்கள் ஆட்களும் வாசலில் கத்துவது எங்களுக்குப் பழகிவிட்டது. வருகிற பெண்கள் மேல் துப்புவீர்கள். நர்சுகளைத் திட்டுவீர்களே தவிரத் தொட மாட்டீர்கள். அதனால் திரும்பிப் போகிறவர்களுக்கு எங்கள் வெள்ளைக் கோட்டை மாட்டிப் பின்வாசல் வழியாக அனுப்புவோம். நேற்று அவளுக்கு என் கோட்டைப் போட்டுவிட்டேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு அண்ணி" என்றாள்.

"உன் அண்ணனுக்கு வாய்தான் நீளம். கரப்பான்பூச்சி அடிக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு" என்று சிரித்தேன்.

பின்வாசலில் நீங்கள் நின்றிருந்தீர்கள். இரும்புக் கம்பி இறங்கிய சத்தம் உள்ளே வரை கேட்டது. அவள் விழுந்த பிறகும் அடித்தீர்கள். படியெல்லாம் ரத்தம். முகத்தைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் "ஐயோ, பாப்பா!" என்று அலறினீர்கள்.

"யாரோ ஒரு நர்சுன்னு நினைச்சேன்" என்று போலீசிடம் சொன்னீர்களாம். தங்கை என்று தெரியாது. அதை நம்புகிறேன்.

அந்தக் கோட்டின் முதுகில் இஸ்திரிப்பெட்டி பட்டுக் கருகிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தத் தடைச் சட்டப் பேச்சு நம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பு, எனக்காகத் தேய்த்துக் கொடுக்கும்போது கருக்கியது நீங்கள். "இனிமே எந்தக் கூட்டத்துலயும் உன்னைப் பின்னாலேருந்தே கண்டுபிடிச்சுடுவேன்" என்று கேலி செய்ததும் நீங்கள்.

பின்னாலிருந்துதானே அடித்தீர்கள்?

இப்படிக்கு,
கோட்டுக்குச் சொந்தக்காரி