லைன் சரியில்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

அன்புள்ள அத்தைக்கு,

பணிவான வணக்கம். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதென்று தீர்மானித்திருக்கிறேன். போன கடிதத்தில் கணக்குத் தேர்வைப் பற்றி நான் மழுப்பியதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இதில் அப்படி எதுவும் இருக்காது.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை. உங்கள் அறை ஜன்னலுக்கு அம்மா புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறாள். நீங்கள் போய் எத்தனையோ வருடமாகியும் அது "அத்தை ரூம்"தான். எனக்கு அங்கே உட்கார்ந்து படிக்க மட்டும் அனுமதி, ஆணி அடிக்க அனுமதி இல்லை.

இனி விஷயம். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சை இடிக்கப் போகிறார்கள். அதற்குள் அங்கே வேலை பார்த்தவர்களின் நினைவுகளை அவரவர் குரலிலேயே பதிவு செய்து வைக்க நூலகத்தில் ஏற்பாடு நடக்கிறது. உதவிக்கு மாணவர்கள் வேண்டும் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். அவர்கள் பேசும்போது ரெக்கார்டரைப் பார்த்துக்கொள்வதும், பிறகு கேட்டு எழுதுவதும் என் வேலை. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, நூலகக் கூடத்தில் ஊரைக் கூட்டி உட்காரவைத்து, சில பகுதிகளைப் போட்டுக் காட்டுவார்கள்.

எக்ஸ்சேஞ்சுக்குள்ளும் போய்ப் பார்த்தோம். கால்களை இணைக்கும் போர்டுகளை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனால் சிமெண்ட் தரையில் நாற்காலிச் சக்கரங்கள் உருண்டு உருண்டு தேய்ந்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. ஜன்னலோரப் பள்ளம் உங்களுடையதாம். காட்டியவர் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர், ஊரே இன்னும் "மூணு நிமிஷம்" என்று கூப்பிடுகிற ஆபரேட்டரம்மா. உங்கள் பள்ளத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அங்கிருந்து தெரு முழுக்கத் தெரிகிறது அத்தை. நீங்கள் வேலை பார்த்தீர்களா, வேடிக்கை பார்த்தீர்களா?

அவருடைய பேச்சைப் பதிவு செய்த அன்று நூலகமே சிரித்தது. "உங்க அத்தை சேர்ந்த முதல் நாள், பிளக்கைச் சொருகாமலே ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு, ஹலோ ஹலோன்னு கத்திட்டு, யாருமே என்கூடப் பேச மாட்டேங்குறாங்கன்னு அழுதா பாரு!" என்றார். பெற்ற பிள்ளையே டிரங்க் கால் பேசினாலும் மூன்று நிமிடத்தில் பிளக்கை இழுத்துவிடுவீர்களாமே என்று நூலகர் கேட்டதற்கு, "அவன்தான் அதிகமா அறுப்பான் சார், அவனைத்தான் முதல்ல இழுக்கணும்" என்றார்.

பிறகு, லைனில் இரைச்சல் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். இரண்டு பக்கத்துக்கும் கேட்காது, நடுவில் இருக்கும் ஆபரேட்டருக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும், அப்போது இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்று விளக்கினார். அந்த இடத்தில்தான் உங்கள் கதை வந்தது.

தையல்காரம்மா ஒவ்வொரு ஞாயிறும் மருந்துக்கடை ஃபோனிலிருந்து, கப்பல் பட்டறையில் வேலை பார்த்த மகனைக் கூப்பிடுவாராம். போகப் போக அவன் ஃபோனுக்கு வருவதில்லையாம். "நான் இல்லைன்னு சொல்லு" என்று அவன் ஃபோனை எடுத்தவரிடம் பின்னாலிருந்து சொல்வது ஆபரேட்டர்கள் உங்கள் இருவர் காதில் மட்டும் விழுமாம். ஒரு ஞாயிறு நீங்கள், "லைன் சரியில்லைம்மா, உங்க பையன் பேசுறது எனக்குக் கேக்குது, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தீர்களாம்.

"அப்புறம் இவளா அடிச்சுவிட ஆரம்பிச்சா. நேரத்துக்குச் சாப்பிடுறீங்களான்னு கேக்குறாரு, ஊசி கோக்கக் கண்ணு வலிச்சா கண்ணாடியை மாத்துங்கன்னு சொல்றாரு... அந்தப் பக்கம் ஆளே கிடையாது! சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா சீட்டுக் கிழிஞ்சிடும். ஆனா அந்த ஒரு லைனை மட்டும் நான் மூணு நிமிஷத்துல இழுக்கச் சொல்லவே இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவர் ரெக்கார்டரை ஒருமுறை பார்த்தார். "இது அவளோடது பாப்பா. நான் பக்கத்துல இருந்து பார்த்தவ, அவ்வளவுதான். அவகிட்ட கேட்டுட்டுப் போடு" என்றார்.

நூலகருக்கு நிலைகொள்ளவில்லை. மொத்தப் பதிவிலும் இதுதான் முத்து, இதைத்தான் முதலில் போட வேண்டும் என்கிறார். பேசியவர் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்றே என்றார். பேசியவர் போட்டிருக்கிறார் சார், பேசப்பட்டவர்கள் போடவில்லையே என்றேன். "நீ வக்கீலுக்குப் படிம்மா" என்று சொல்லிவிட்டு, உங்கள் பதில் வரும்வரை காத்திருக்கச் சம்மதித்தார்.

அத்தை, தையல்கடை இன்னும் இருக்கிறது. அந்த அம்மாவும் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். மகன் வேலையை விட்டு எப்போதோ ஊருக்கே திரும்பி, இப்போது அதே கடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார். கூட்டத்துக்கு இருவருக்கும் முன்வரிசையில் இடம் போட்டிருக்கிறது. அந்தப் பகுதியைப் போட்டால் அவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? போடாவிட்டால், நடந்த ஒன்றை மறைத்த பாவம் எனக்கு வருமா? இதைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை.

தபாலில் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று தையல்காரம்மாவே பேச வந்தார். நான் எக்ஸ்சேஞ்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. கடை, முதல் மிஷின், பள்ளிச் சீருடைகளுக்கு அளவெடுத்தது என்று அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் பாவாடை எல்லாவற்றுக்கும் மடிப்பு வைத்துத் தைத்ததாகவும், நீங்கள் வளர்ந்துகொண்டே போனதாகவும் சொன்னார். அப்புறம் என்னை உற்றுப் பார்த்து, "நீ அந்த ஆபரேட்டர் பொண்ணோட அண்ணன் மகளா? மூக்கு அப்படியே இருக்கு. அதைக் கொஞ்சம் நிறுத்து" என்றார்.

நிறுத்தினேன். ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு அணைந்ததை அவருக்குக் காட்டினேன். நூலகர் தாமாகவே எழுந்து வெளியே போனார்.

"மூணு நிமிஷம் என் கதையையும் இங்க சொல்லியிருப்பா, எனக்குத் தெரியும். பையன் ஊருக்கு வந்த அன்னிக்கு, நீ சொன்னியேன்னு கண்ணாடி மாத்திட்டேன்டான்னேன். முழிச்சான். அவன் முழிச்ச முழியிலேயே புரிஞ்சுபோச்சு. யோசிச்சுப் பார்த்தா அந்தப் பேச்சு அவன் பேச்சே இல்ல. அவன் எப்ப அவ்வளவு கரிசனமா பேசினான்? ஆனா நானும் அவனை ஒண்ணும் கேட்டுக்கல. வந்துட்டான், போதும்" என்றார். ஊர் முன்னால் அவன் தலை குனிய வேண்டாம் என்றார். அழித்தும்விட வேண்டாமாம். தங்கள் எல்லோருடைய காலத்துக்கும் பிற்பாடு யார் வேண்டுமானாலும் கேட்கட்டும், ஆனால் பேசினது அந்தப் பொண்ணு, அதனால் அவள் சம்மதம் வேண்டும் என்றார். இதை உங்களிடம் மட்டும் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்தார்.

அவர் போன பிறகு நூலகரிடம், கூட்டத்தில் அந்தப் பகுதியைப் போடக் கூடாது சார் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லக் கூடாது என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, சொல்லாதே" என்றார். அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்துப் பதிந்து, உறையிலிட்டு ஒட்டி, குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டு, என்னையும் போடச் சொன்னார். நீங்கள் பிளக்கைச் சொருகாமல் அழுத கதையைத்தான் முதலில் போடப் போகிறோம். மன்னியுங்கள், அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

உறை விஷயத்தில் உங்கள் முடிவை எழுதுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ஃபோன் என்றாலே "நல்லா இருக்கேன், வைக்கட்டுமா" என்று வைத்துவிடுகிற ஆள் நீங்கள் என்பதால் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் அந்த அம்மா வாசற்படியில் திரும்பி நின்று சொன்னதை, சொன்னபடியே உங்களிடம் சேர்ப்பது என் கடமை: "அந்தப் பொண்ணை ஒரு தடவை அவளாவே என்கூடப் பேசச் சொல்லு. லைன் இப்ப நல்லா இருக்கு."

கடை நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, ஆனால் அவர் உள்ளேதான் இருப்பாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களை மறக்காமல் இருங்கள்.

உங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
அண்ணன் மகள்

பி.கு.: நூலகத்தைப் பூட்டும் நேரமாகி, விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதனால்தான்.