நான் உனக்குத் தந்த குளிசை

மச்சான்,

இன்று கடை திறந்து கொஞ்ச நேரத்தில் மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஆஸ்பத்திரித் துண்டு. வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்க்கும் நாள்வரை, இரண்டு கிழமைக்கு, பதினான்கு நாளும், வயிற்று எரிவுக் குளிசை எதுவும் போடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அதை எனக்கே வாசித்துக் காட்டிவிட்டு அந்தக் குளிசையையே கேட்டாள். "ஒண்டே ஒண்டு தாங்க காக்கா. வகுறு பத்தி எரியுது. டொக்டருக்கிட்ட சொல்ல மாட்டன்."

நீ கேட்டதும் இதே மாதிரித்தான். என் தங்கச்சியைக் கலியாணம் முடிப்பதற்கு முன்னமே நீ என் கூட்டாளி. உனக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

உன் வயிற்றைப் புண்ணாக்கிய கிருமி லேசில் போகிற சாதியில்லை. முதல் தரம் தந்த அன்டிபயடிக் கேட்கவில்லை. இரண்டாம் தரம் மருந்து தொடங்கியபோது நோன்பு. "விடிய முன்னம் சஹர் சாப்பாட்டுக்கு எழும்ப ஏலாமப் போகுதுடா. நோன்பு திறக்கக்குள்ள ரெண்டு நேரத்துக் குளிசையையும் சேத்துப் போட்டா என்ன?" என்று என்னிடம் கேட்டாய். "ஒண்டும் செய்யாது" என்றேன். பார்மசி வைத்திருந்தால் டொக்டர் என்று நினைப்பு எனக்கு. ஊரும் அப்படித்தான் கூப்பிட்டது.

அதுவும் கேட்காமல் போன பிறகுதான், இனிக் குருட்டுத்தனமாக மருந்து தரமாட்டேன் என்றார் பெரிய டொக்டர். கெமரா விட்டு வயிற்றுக்குள்ளிருந்து சின்னத் துண்டு சதை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, அதிலிருக்கும் கிருமியை வளர்ப்பார்களாம். வளர்ந்த கிருமிக்கு ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்ப்பார்களாம். எதற்குச் சாகிறதோ அதுதான் உனக்கு. "ஆனா கிருமி உயிரோட கிடைக்கணும். அதுக்கு முதல் ரெண்டு கிழமை வயிற்றுக் குளிசையும் வேணாம், அது கிருமிய அமத்தி மறைச்சிடும்" என்று என்னையும் பார்த்துச் சொன்னார். நான் பெரிய மனிதன் போலத் தலையாட்டினேன்.

ஒன்பதாம் நாள் நீ கடைக்கு வந்தாய். நற்பிட்டிமுனை வயலில் நெல் வெட்டு, மெசின் வந்து நிற்கிறது, நீயோ என் மேசையில் கவிழ்ந்து கிடக்கிறாய். "தாங்க ஏலாது மச்சான். இண்டைக்கு மட்டும்." அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒன்று கேட்டவனின் சட்டைப் பையில் முழு அட்டையையும் வைத்தேன். பத்துக் குளிசை. அதை முடித்துவிட்டுத்தான் நீ கெமராவுக்குப் போனாய்.

கொழும்பிலிருந்து வந்த தாளில் கிருமி வளரவில்லை என்றிருந்தது. மருந்துகளின் பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. "இடையில ஏதாவது குளிசை போட்டீங்களா?" என்று டொக்டர் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "இல்ல டொக்டர்" என்றாய். எனக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று சொன்னாய் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் ஏசியிருப்பார், இன்னொரு நாள் குறித்துத் தந்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். "அப்ப கிருமி போயிட்டு போல" என்றார். வெளியே வந்து இருவரும் பிளேன்டீ குடித்தோம். நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

மூன்றாம் மாதம் வயல் வரம்பில் கறுப்பாக இரத்த வாந்தி எடுத்தாய். ஓட்டோவில் உன் தலை என் மடியில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்னமே உன் கை குளிர்ந்துவிட்டது.

இன்று வந்தவளுக்கு நான் குளிசை கொடுக்கவில்லை. "ஒங்கட வகுத்துல வந்தாத்தான் தெரியும்" என்று ஏசிவிட்டுப் போனாள். ஏசட்டும். அவளுடைய தாளிலாவது, கேட்கும் மருந்து எதுவென்று வரட்டும்.

தங்கச்சி ஒவ்வொரு வெள்ளியும் என்னைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "எங்கட காக்கா இல்லாட்டி அவரு முந்தியே மௌத்தாகியிருப்பாரு" என்கிறாள். போன வெள்ளியும் சொன்னாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ டொக்டரிடம் ஒரு தரம் சொன்ன பொய்யை நான் அவளிடம் ஒவ்வொரு கிழமையும் சொல்கிறேன் மச்சான், வாயைத் திறக்காமலே.