தாள் முழுக்க உன் முகவரி

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா சுகம், நான் சுகம், கடையில் மூன்று மெஷின்களும் சுகம், நீலக்கலர் மெஷின் மட்டும் உனக்குத்தான் தெரியுமே, ஒரு நாள் சுகம், ஒரு நாள் நூலை அறுத்துக்கொண்டு கோபம். நீ அங்கே நல்லபடியாக இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாய், சளி விட்டுவிட்டது என்றெல்லாம் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனை வைத்துவிட்டு வந்து சொல்வதை வைத்துத்தான் நானும் தெரிந்துகொள்கிறேன். அவர் சொல்லும்போது நான் காது கேட்காதவள் மாதிரி மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன், ஆனால் ஒரு சொல் விட்டுப்போனாலும் மறுபடி கேட்க வாய் வராதே என்று மெதுவாகத்தான் மிதிப்பேன். உறையைப் பார்த்ததும் குழம்பியிருப்பாய், முகவரி கையெழுத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது, அதுவும் கொஞ்சம் கோணலாக. ஏதோ விளம்பரம் என்று நினைத்துத் தூக்கிப் போடாமல் பிரித்தாயே, அதுவே எனக்குப் போதும். அந்த லேபிளை அடித்தது நான்தான். சிரிக்காதே. சரி, சிரித்தால் சிரித்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இந்த வருஷமும் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் நமக்குத்தான் வந்தது, இருநூற்றுப் பதினாறு பிள்ளைகள். தைப்பதில் ஒரு குறையும் இல்லை, என் கை இன்னும் ஓடுகிறது, பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே அத்தனை காஜாவையும் எடுத்து முடித்துவிட்டாள். வம்பு எல்லாம் பேக்கிங்கில்தான். நீ இருந்தவரை ஒவ்வொரு கவரிலும் பிள்ளையின் பெயர், வகுப்பு, அளவு என்று பளிச்சென்று ஒரு லேபிள் இருக்கும், அது எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. நீ போன பிறகு போன வருஷம் நானே ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். பிளாஸ்டிக் கவரில் எழுதியது கை பட்டு அழிந்துபோய், மூன்றாம் வகுப்புப் பொடியனுக்கு எட்டாம் வகுப்பு பேன்ட் போய்ச் சேர்ந்து, அவன் அதைக் கக்கம்வரை இழுத்துப் போட்டுக்கொண்டு வகுப்பில் நின்றானாம். பள்ளிக்கூட ஆபீஸ் அம்மா இந்த முறை ஆர்டர் கொடுக்கும்போதே, அச்சடித்த லேபிள் இல்லாமல் ஒரு கவரைக்கூட உள்ளே எடுக்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியே கொடுத்து அடித்து வாங்கிவிடலாம் என்றார் அப்பா. எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகள் உட்கார்ந்த இடத்தில் செய்த வேலை, என்னால் முடியாதா என்று உன் கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றினேன். அதன் மேல் பொத்தான் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தேன். இதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது, சொல்லிவிட்டேன்.

பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பெண் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து சொல்லிக்கொடுத்தாள். பொறுமைசாலி. மௌஸ்தான் எனக்கு அடங்கவில்லை, இத்தனை வருஷம் கத்தரி பிடித்த கையாயிற்றே, நான் ஒரு அழுத்து அழுத்தினால் அம்பு மூலைக்குப் போய் ஒளிந்துகொள்கிறது. லேபிள் தாள் என்றால் ஒரு தாளில் இருபத்து நான்கு ஸ்டிக்கர், குறுக்கே மூன்று, நெடுக்கே எட்டு. நாம் கடிதம் டைப் அடிக்கிற அதே சாஃப்ட்வேருக்குள்ளேயே லேபிளும் இருக்கிறதாம், உனக்குத் தெரியாததா, மேலே லேபிள் என்று இருப்பதைத் தட்டினால் சின்னதாக ஒரு பெட்டி திறக்கிறது, அதில் ஸ்டிக்கரின் உயரம், அகலம், மேலே எவ்வளவு விட வேண்டும், ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும் என்று எல்லா அளவும் கேட்கிறது. அந்த இடம் மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து நானே அளந்து கொடுத்தேன். அந்தப் பெண் கிளம்பும்போது ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள், முதலில் மாதிரிக்கு ஏதாவது ஒரு பெயரும் முகவரியும் அடித்து ஒரே ஒரு லேபிள் எடுத்துப் பாருங்கள், அதையும் வெள்ளைத் தாளில் எடுங்கள், லேபிள் தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்து எழுத்து கட்டத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகுதான் நல்ல தாளைத் தொட வேண்டும் என்று. அளவு பார்க்காமல் துணியில் கத்தரி வைக்காதே என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லும் உன் அம்மா என்ன செய்தாள், அந்தப் பெண்ணின் தலை மறைந்ததும் நேராக நல்ல தாளை எடுத்துப் பிரின்டரில் செருகினாள்.

மாதிரிக்கு என்ன அடிப்பது என்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினேன், முதலில் உன் பெயர், பிறகு கதவு எண், எத்தனையாவது மாடி, தெரு, அந்த ஊருக்கு உள்ள நீளமான எண். எதையும் எடுத்துப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக பில் புத்தகத்தில் இருக்கிற நம் கடை முகவரியை அடித்திருக்கலாம், என் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. பிரின்ட் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் கீழே இரண்டு வட்டங்கள் இருக்கின்றன, தாள் முழுக்க இதே லேபிளா, இல்லை ஒரே ஒரு லேபிளா என்று கேட்பதற்கு. அது தாள் முழுக்க என்பதில் நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பிரின்டர் கடகடவென்று இழுத்துத் தாளை வெளியே தள்ளியது, இருபத்து நான்கு கட்டத்திலும் நீ. காஜா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, மொத்த யூனிஃபார்மும் நம் சிட்டுவுக்கா போகிறது என்று கேட்டாள். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து தாளைக் கையில் வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அட்ரஸே வேண்டாம்னு சொன்னே, இப்போ பாக்காம அடிச்சிருக்கியே" என்றார். நான் முகம் கழுவுகிற சாக்கில் பின் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நீ கிளம்பிய அன்று நடந்ததை நீ மறந்திருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். எப்படி மறப்பாய், நானே மறக்கவில்லையே. பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் அங்கே தங்கப்போகிற இடத்தின் முகவரியை எழுதிக் கொண்டுவந்து கட்டிங் டேபிளில் என் முன்னால் வைத்தாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கடையைப் பாதியில விட்டுட்டுப் போறவ அட்ரஸ் எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தரி முனையால் அந்தச் சீட்டைத் தள்ளினேன். அது வெட்டுத்துணிக் குவியலில் போய் விழுந்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். அன்றைக்கு நான் வெட்டிய சட்டை மூன்றும் அளவு தப்பிப்போனது, அது உனக்குத் தெரியாது. அப்பா அந்தச் சீட்டைக் குவியலில் தேடி எடுத்து, பாபின் டப்பா மூடியின் உள்பக்கம் செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அடிநூல் தீர்ந்து பாபின் மாற்ற அந்த மூடியைத் திறக்க வேண்டும். முதல் மாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு திறந்தேன். அப்புறம் எப்போது படிக்க ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகிறது. அப்பா போனை நீட்டும்போதெல்லாம் கையில் வேலை இருக்கிறது என்று சொன்னேனே, வேலை ஒன்றும் இல்லை சிட்டு, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. நான் பேசியது தப்பு. நீ கடையை விட்டுவிட்டுப் போகவில்லை, உன் வேலையைத் தேடிக்கொண்டு போனாய். இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுநாள் ஜெராக்ஸ் கடைப் பெண் உன் கம்ப்யூட்டரில் தேடி, நீ வைத்துவிட்டுப் போன பழைய யூனிஃபார்ம் ஃபைலைக் கண்டுபிடித்துத் திறந்தாள். பிள்ளைகளின் பெயர்களை ஒரு டேபிளாக அடித்து அதை லேபிளோடு இணைத்துவிட்டால், கட்டத்துக்கு ஒரு பிள்ளையாக அதுவே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போகாமல் நீ உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தது இதைத்தானா, கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்குகிறாய் என்று அன்றைக்கு நான் சொன்னேனே. அந்த டேபிளில் முதல் வரியில் மாதிரிக்கு நீ என்ன அடித்து வைத்திருந்தாய் என்று ஞாபகம் இருக்கிறதா. பெயர், அம்மா. வகுப்பு, எல்லா வகுப்புக்கும். அளவு, கேட்கக் கூடாது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், அந்தப் பெண் பயந்துபோனாள். அந்த வரியை அழித்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றாள், எனக்கு மனசு வரவில்லை. அதனால் இருநூற்றுப் பதினாறு பிள்ளைகளோடு நானும் சேர்ந்துகொள்ள, சரியாக ஒன்பது தாளில் முடிய வேண்டியது பத்தாவது தாளுக்குப் போய் அங்கே ஒரே ஒரு பிள்ளை தனியாக நின்றது. இந்தத் தடவை வெள்ளைத் தாளில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மேல் இடத்தைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் நல்ல தாளைத் தொட்டேன். எல்லாக் கவரும் போய்ச் சேர்ந்துவிட்டன, ஆபீஸ் அம்மா லேபிளைத் தடவிப் பார்த்து மகள் வந்துவிட்டாளா என்று கேட்டாராம். என் லேபிளை நீலக்கலர் மெஷினில் ஒட்டியிருக்கிறேன்.

மழையோ குளிரோ, தலையை மூடிக்கொண்டு போ. கோட்டுப் பொத்தான் தளர்ந்திருந்தால் விழும்வரை காத்திருக்காதே, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு, உனக்குச் சொல்லித்தந்ததுதான். வேலை வேலை என்று மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அப்பாவுக்கு முட்டிவலி, ரொம்ப இல்லை, கேட்டால் இல்லவே இல்லை என்பார், ஞாயிற்றுக்கிழமை நீயே கேள். கேட்டுவிட்டு போனை என்னிடம் கொடுக்கச் சொல், கையில் வேலை இருக்காது.

உன் முகவரி அடித்த அந்த லேபிள் தாளில் ஒன்று இந்த உறைக்குப் போய்விட்டது, இன்னும் இருபத்து மூன்று இருக்கிறது. ஒரு விரல் அகலத் துண்டுத் துணியைக்கூடத் தூக்கிப் போடாதவள் நான், உனக்குத் தெரியும். அதனால் இனி மாதம் ஒரு கடிதம் வரும், எழுதப் பழகியவள் இல்லை, எப்படி எழுதினாலும் பொறுத்துக்கொண்டு படி. வீடு மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, இத்தனை லேபிளும் வீணாகிவிடும். ஆனால் லேபிள் தீரட்டும் என்று நீ அங்கே காத்திருக்க வேண்டாம். லீவு கிடைத்து நீ வந்து வாசலில் நின்றால், மீதியை வீணாக்க எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உடம்பும் மனசும் நன்றாக இருந்து, எடுத்த வேலையில் நல்ல பெயர் வாங்கி நீ நீண்ட நாள் நிறைவாக வாழ வேண்டும். உன் தலையில் என் இரண்டு கையையும் வைத்துச் சொன்னதாக நினைத்துக்கொள். நீ கிளம்பிய அன்று சொல்லாமல் விட்ட ஆசீர்வாதமும் இதில் சேர்ந்திருக்கிறது. கடிதம் கிடைத்ததும் அப்பாவிடம் சொல்லி அனுப்பாதே, என்னிடமே சொல்.

இப்படிக்கு,
உன் முகவரி மனப்பாடமாகத் தெரிந்த
அம்மா